பந்து வருமுன்னே பார்: நடுக்கள வீராங்கனையை வளர்த்தெடுக்கும் முறை

உதைபந்தாட்டத்தில் பின்களத்தில் நிற்பவளுக்கு ஆட்டம் முழுக்கக் கண்ணுக்கு முன்னால் நடக்கும். முன்களத்தில் நிற்பவளுக்குக் கோல் எந்தப் பக்கம் என்பது எப்போதும் தெரியும். நடுக்களத்தில் ஆடுபவளுக்கு மட்டும் நாலு பக்கத்தாலும் எதிராளி வருவாள். அவள் பந்தைத் தொட்ட பிறகு யோசிக்கத் தொடங்கினால் பந்து பறிபோய்விடும். அதனால் நடுக்கள வீராங்கனைக்கு முதலில் பழக்கவேண்டியது பந்து வருவதற்கு முன்னால் பார்ப்பது. காலுக்கான பயிற்சி அதற்குப் பிறகு வரட்டும். பாடசாலை அணியில் ஆடும் பிள்ளைக்கும், ஆட்டத்தையே தொழிலாக்க நினைக்கும் பிள்ளைக்கும் இது பொது.

திருகோணமலையில் இதைப் பழக்குவதற்கு ஏகாம்பரம் மைதானத்தின் ஒரு மூலையும் நாலு பிள்ளைகளும் போதும். வெயில், இறுகிய தரை, வடகீழ்ப் பருவ மழை ஆகிய மூன்றையும் கணக்கில் எடுத்துத்தான் பயிற்சியைத் திட்டமிடவேண்டும்.

பார்க்கும் நேரம்

"தலையை உயர்த்து, சுத்திப் பார்" என்று கத்தினால் பிள்ளை தலையை ஆட்டும், ஒன்றையும் பார்க்காது. எப்போது பார்ப்பது என்பதைச் சொல்லிக்கொடுக்கவேண்டும். ஒருவரின் காலை விட்டுப் புறப்பட்ட பந்து இன்னொருவரின் காலைச் சேரும்வரை திசை மாறாது. அந்த ஒரு விநாடிக்குப் பந்தைப் பார்க்கத் தேவையில்லை. அதுதான் கண்ணை எடுத்துத் தோளுக்குப் பின்னால் பார்க்கும் நேரம். பந்து ஒருவரின் காலில் இருக்கும்போது கண்ணை எடுத்தால், அவள் எந்தப் பக்கம் அடித்தாள் என்பதைத் தவறவிடுவீர்கள்.

ஒரு பயிற்சி. மூன்று பேர் ஒரே கோட்டில், 10 மீற்றர் இடைவெளியில் நிற்கட்டும். நடுவில் நிற்பவள்தான் பழகுபவள். முன்னால் நிற்பவள் பந்தை அவளுக்கு அனுப்புவாள். பந்து புறப்பட்டதும் பின்னால் நிற்பவள் ஒரு கையில் விரல்களை உயர்த்திக் காட்டவேண்டும். நடுவில் நிற்பவள் பந்தைத் தொடுவதற்கு முன் அந்த எண்ணைச் சொல்லவேண்டும். ஒற்றை எண் என்றால் பந்தை வந்த வழிக்கே திருப்பி அனுப்புவது, இரட்டை எண் என்றால் திரும்பிப் பின்னால் நிற்பவளுக்குக் கொடுப்பது. ஒருவருக்கு 12 பந்துகள், பிறகு இடம் மாறல். ஆரம்பத்தில் எண்ணைச் சரியாகச் சொல்லிவிட்டுப் பந்தைத் தவறவிடுவார்கள். அதில் பிழையில்லை. எண்ணைச் சொல்லாமல் பந்தை அழகாக எடுப்பவளைத்தான் நிறுத்தித் திருத்தவேண்டும்.

இரண்டு மூன்று கிழமையில் இது பழகிவிடும். அதன்பிறகு பின்னால் நிற்பவள் விரல் காட்டுவதை விட்டுவிட்டு, சில தடவை நெருங்கி ஓடி வரட்டும், சில தடவை நின்ற இடத்திலேயே நிற்கட்டும். நெருங்கினால் ஒரே தொடுகையில் திருப்பிக் கொடு, நின்றால் திரும்பு. மைதானத்தில் நடுக்கள வீராங்கனை எடுக்கவேண்டிய முதல் முடிவு இதுதான்.

திறந்த உடலும் தூரக் காலும்

காட்சி ஒன்றைக் கிட்டப் பார்ப்போம். பின்கள வீராங்கனை பந்தோடு நிற்கிறாள். நடுக்களப் பிள்ளை அவளை நேருக்கு நேர் பார்த்தபடி, இரண்டு பாதமும் பந்தை நோக்கி, குதிகால் தரையில் ஊன்றி நிற்கிறாள். பந்து வருகிறது. வலதுகாலின் உள்பக்கத்தால் நிறுத்துகிறாள். பந்து காலடியில் செத்துக் கிடக்கிறது. இனி அவள் திரும்பவேண்டுமானால் பந்தைச் சுற்றி இரண்டு அடி வைக்கவேண்டும். அந்த இரண்டு அடிக்குள் எதிராளி வந்துவிடுவாள்.

அதே இடத்தில், அதே பந்துக்கு, உடலைப் பக்கவாட்டில் வைத்து நின்றால் என்ன நடக்கும்? ஒரு தோள் பந்து வரும் பக்கம், மற்றத் தோள் எதிரணியின் கோல் பக்கம். குதிகால் தரையைவிட்டு ஒரு விரல் உயரம் எழும்பியிருக்கிறது. பந்தைக் கிட்டவுள்ள காலைத் தாண்டி ஓடவிட்டு, தூரத்துக் காலின் உள்பக்கத்தால் தொடுகிறாள். பந்து நிற்கவில்லை, முன்னோக்கி ஒரு மீற்றர் உருள்கிறது. அவளும் அதோடு திரும்பிவிட்டாள். தொடுகை ஒன்றுதான், ஆனால் எதிராளி முதுகுக்குப் பின்னால் போய்விட்டாள்.

எதிராளி முதுகோடு ஒட்டி நின்றால் இதைச் செய்யக்கூடாது. அப்போது கிட்டவுள்ள காலால் ஒரே தொடுகையில் திருப்பிக் கொடுத்துவிட்டு இடம் மாறுவதுதான் சரி. எது சரி என்பதைப் பந்து வருமுன் பார்த்த பார்வைதான் சொல்லும்.

தனியே பழக வீட்டு மதிலோ பாடசாலைச் சுவரோ போதும். சுவரிலிருந்து 6 மீற்றர் தள்ளி நின்று, வலதுகாலால் 50, இடதுகாலால் 50, பிறகு ஒரு காலால் எடுத்து மறுகாலால் அடிப்பது 50. கணுக்காலை இறுக்கி, பெருவிரலைச் சற்று மேலே தூக்கி வைக்கவேண்டும். கணுக்கால் தளர்ந்திருந்தால் பந்து தெறித்து மேலே எழும்பும். ஊன்றும் கால் பந்துக்குப் பக்கத்தில் ஒரு சாண் தள்ளி, பந்து போகவேண்டிய திசையைப் பார்த்தபடி இருக்கவேண்டும். பந்து ஒரே பக்கமாக விலகிப் போனால் அடித்த காலைத் திட்டாமல் ஊன்றிய காலைப் பாருங்கள், பிழை பெரும்பாலும் அங்கேதான்.

பந்தின் காற்றையும் கவனிக்கவேண்டும். 5ஆம் இலக்கப் பந்தின் சுற்றளவு 68 முதல் 70 சென்ரிமீற்றர், எடை 410 முதல் 450 கிராம், காற்றழுத்தம் 0.6 முதல் 1.1 வளிமண்டலம். நம்முடைய வறண்ட தரையில் உச்ச அளவுக்குக் காற்றடித்தால் பந்து முயல்போலக் குதிக்கும். கீழ்ப்பக்க அளவுக்குக் கிட்ட வைத்தால் பழகுவது எளிது. 12 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு 4ஆம் இலக்கப் பந்து கொடுங்கள்.

எங்கே நிற்பது

பந்தை ஒரு விளக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிராளி ஒவ்வொருத்தியும் தனக்குப் பின்னால் ஒரு நிழலை விழுத்துகிறாள். அந்த நிழலுக்குள் நிற்பவளுக்குப் பந்து வராது. பந்து இடம் மாறும்போதெல்லாம் நிழலும் மாறும், அதனால் நடுக்கள வீராங்கனை இரண்டு மூன்று அடியாவது நகர்ந்துகொண்டே இருக்கவேண்டும். பந்து கிடைக்கவில்லை என்று முறையிடும் பிள்ளைகளில் அரைவாசிப் பேர் நிழலுக்குள் நின்று கையை உயர்த்துகிறவர்கள்.

இதைப் பழக நாலுக்கு இரண்டு ஆட்டம் நல்லது. 8 மீற்றர் சதுரம், வெளியே நாலு பேர், உள்ளே இரண்டு பேர், இரண்டு நிமிடச் சுற்று. ஆறு ஏழு பாஸுக்கு முன்னரே பந்து பறிபோனால் சதுரத்தை 10 மீற்றர் ஆக்குங்கள். 20 பாஸ் தாண்டினால் ஒரு மீற்றர் குறையுங்கள். ஆனால் இதில் ஒரு குறை உண்டு: எந்தப் பக்கம் முன்னேறுவது என்ற திசை கிடையாது. சதுரத்தில் கெட்டிக்காரியாக இருந்துவிட்டு மட்ச்சில் பின்னுக்கே பந்து கொடுப்பவர்கள் இப்படித்தான் உருவாகிறார்கள். ஆகவே பயிற்சியின் கடைசி 20 நிமிடம் 30க்கு 20 மீற்றர் இடத்தில், இரண்டு பக்கமும் சின்னக் கோல் வைத்து, நாலுக்கு நாலு ஆடவிடுங்கள். நடுவில் ஒரு பொது ஆள் நிற்கட்டும். பந்து வைத்திருக்கும் அணிக்காக அவள் ஆடுவாள், இரண்டு தொடுகைக்கு மேல் அனுமதியில்லை. நடுக்களப் பிள்ளைகளை மாறி மாறி அந்த இடத்தில் விடுங்கள்.

ஓட்டமும் வெயிலும்

உயர்மட்டப் பெண்கள் ஆட்டங்களில் நடுக்கள வீராங்கனை 90 நிமிடத்தில் 10 கிலோமீற்றருக்கு மேல் ஓடுகிறாள். அதற்காகப் பிள்ளையை உப்புவெளிவரை மெதுவோட்டம் விட்டால் போதாது. ஆட்டத்தில் ஓட்டம் விட்டு விட்டு வரும். கிழமையில் ஒருநாள், பருவமடைந்து வளர்ச்சி நிதானப்பட்ட பிள்ளைகளுக்கு, நாலு நிமிடம் கடுமையான ஓட்டமும் மூன்று நிமிடம் நடையும் என்று நாலு சுற்று கொடுங்கள். கடுமை என்றால் இதயத்துடிப்பு உச்சத்தின் 90 முதல் 95 வீதம். கருவி இல்லாவிட்டால், ஓடும்போது இரண்டு சொல்லுக்கு மேல் கதைக்க முடியாத வேகம். பந்தோடு ஓடவிட்டால் இன்னும் நல்லது.

கச்சான் காற்று வீசும் ஆனி முதல் ஆவணிவரை பின்னேரம் 4.30க்கு முன் மைதானத்தில் இறங்காதீர்கள், விடியற்காலை 6 மணி அதைவிடச் சிறந்தது. மழைக்கால ஓய்வுக்குப் பிறகு வெயிலுக்குத் திரும்பும்போது உடம்பு பழக 10 முதல் 14 நாள் தேவை, முதல் நாளே முழுப் பயிற்சி வைத்தால் தலைச்சுற்றும் வாந்தியும்தான் மிஞ்சும். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் அடுத்த சில மணித்தியாலத்தில் ஒன்றேகால் முதல் ஒன்றரை லீற்றர் குடிக்கவேண்டும். வெறும் தண்ணீரோடு உப்பும் சேரவேண்டும்: உப்புப் போட்ட மோர் அல்லது ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஆறு மட்டத் தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பை இந்த அளவுக்கு மேல் கூட்டக்கூடாது. பிள்ளை உளறினாலோ நடை தள்ளாடினாலோ அது வெப்பத் தாக்கு. உடனே நிழலில் படுக்கவைத்து, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் குளிர்வித்தபடியே பிள்ளையை வைத்தியசாலைக்குக் கொண்டுபோக ஏற்பாடு செய்யுங்கள்.

கடற்கரை மணலில் பயிற்சி செய்வது நமக்குக் கைக்கெட்டிய வசதி. அலை நனைத்து இறுகிய மணலில் 20 நிமிடம் ஓடலாம். மேல்மணல் காலை உள்ளிழுக்கும், கெண்டைக்காலும் குதிகால் தசைநாரும் வலியெடுக்கும்; அங்கே கிழமைக்கு ஒருநாள், அதுவும் குறுகிய பாய்ச்சல்கள் மட்டும். வெறுங்காலோடு இறங்குமுன் தூண்டில் முள்ளும் சிப்பி ஓடும் கிடக்கின்றனவா என்று ஒருமுறை நடந்து பாருங்கள்.

முழங்காலைக் காப்பாற்றுதல்

பெண் பிள்ளைகளுக்கு முழங்கால் எலும்புகளைச் சேர்த்துப் பிடிக்கும் முன்சிலுவைத் தசைநார் (ACL) அறுவது ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். பெரும்பாலும் ஒருவரும் இடிக்காமலே அறும்: குதித்து இறங்கும்போது, அல்லது ஓடிவந்து சட்டென்று திரும்பும்போது. இரண்டிலும் முழங்கால் உள்ளே சாய்வதுதான் காரணம்.

சோதிப்பதற்கு ஒரு தொலைபேசி போதும். 30 சென்ரிமீற்றர் உயரமான படியிலிருந்து பிள்ளையைக் குதிக்கவிட்டு, நேர் முன்னாலிருந்து வீடியோ எடுங்கள். தரையைத் தொட்ட கணத்தில் படத்தை நிறுத்திப் பாருங்கள். முழங்கால் சிரட்டை பாதத்தின் இரண்டாம் விரலுக்கு நேரே இருக்கவேண்டும். இரண்டு முழங்காலும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தால் அந்தப் பிள்ளைக்கு மட்ச்சைவிட முதலில் இறங்கப் பழக்கவேண்டும்: சத்தமில்லாமல், முழங்காலையும் இடுப்பையும் மடித்து.

ஃபிஃபாவின் '11+' என்ற உடல்சூடேற்றல் முறை இதற்கென்றே அமைந்தது. 15 பயிற்சிகள், 20 நிமிடம்: முதலில் 8 நிமிடம் மெதுவோட்டம், நடுவில் 10 நிமிடம் வலுவும் சமநிலையும் குதித்தலும், கடைசியில் 2 நிமிடம் வேக ஓட்டம். கிழமைக்கு இரண்டு தடவையாவது செய்தால்தான் பலன். பின்தொடைப் பயிற்சியில் தோழி கணுக்காலைப் பிடித்திருக்க, முழங்காலில் நின்று மெதுவாக முன்னால் சரியவேண்டும். தொடங்கும் பிள்ளைக்கு 3 முதல் 5 தடவை போதும். நேரமில்லை என்று முதலில் வெட்டப்படுவது நடுவில் உள்ள அந்த 10 நிமிடம்தான். அதை வெட்டினால் மிச்சத்தில் பெரிய பயனில்லை.

சப்பாத்தும் முழங்காலைப் பாதிக்கும். இறுகிய தரையில் நீளப் பற்கள் குத்திப் பிடித்துக்கொள்ளும், பாதம் நிற்க உடல் திரும்பும், நடுவில் முழங்கால் முறுகும். வறண்ட மாதங்களில் குட்டையான, அதிக எண்ணிக்கையில் றப்பர்ப் பற்கள் உள்ள சப்பாத்து வாங்குங்கள். "வளருவாள்தானே" என்று ஒரு அளவு கூட்டி வாங்கவேண்டாம், உள்ளே கால் வழுக்கும்.

'டக்' என்ற சத்தம், சில மணித்தியாலத்துக்குள் வீக்கம், கால் பிடிகொடாமல் தளர்வது: இந்த மூன்றும் இருந்தால் எண்ணெய் போட்டு உருவிவிடக்கூடாது, வைத்தியரிடம் போகவேண்டும். சத்திரசிகிச்சைக்குப் பின் 9 மாதத்துக்கு முன்னர் மட்ச் ஆடினால் திரும்ப அறும் ஆபத்து மிகக் கூடும். ஸ்பெயினின் நடுக்கள வீராங்கனை அலெக்ஸியா புட்டெயாஸ் 2022 ஜூலையில் இதே காயம்பட்டார். 2023 ஏப்ரல் கடைசியில்தான் களத்துக்குத் திரும்பினார். அதே வருடம் உலகக்கிண்ணம் வென்ற அணியிலும் இருந்தார்.

சாப்பாடு, மாதவிடாய், உடுப்பு

50 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 80 கிராம் புரதம் வேண்டும். இரண்டு நேரமும் 100 கிராம் சூரையோ சூடையோ, இரண்டு முட்டை, ஒரு கோப்பை அவித்த பயறு, பருப்புக்கறி என்று வைத்தால் கணக்கு வந்துவிடும். சோற்றைக் குறைக்கவேண்டாம். மெலிவதற்காகச் சோற்றை விட்ட பிள்ளை இரண்டாம் பாதியில் நின்றுபோவாள். இரும்புச்சத்துக்கு முருங்கையிலையும் மீனும், மேலே தேசிக்காய். சாப்பிட்டவுடன் தேத்தண்ணி குடித்தால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது, ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கள்.

மாதவிடாய்த் திகதிகளைப் பிள்ளையே ஒரு கொப்பியில் குறித்துவரட்டும். மூன்று மாதம் தொடர்ந்து வராவிட்டால் அதைக் கடும் பயிற்சியின் அடையாளம் என்று விட்டுவிடக்கூடாது. செலவழிக்கும் சக்திக்கு ஏற்ற சாப்பாடு கிடைக்கவில்லை என்பதற்கு அது பெரும்பாலும் அறிகுறி, எலும்பும் பலவீனமாகும். அம்மாவிடம் சொல்லி வைத்தியரைப் பார்க்கவேண்டும். ஆண் பயிற்றுநர் உள்ள அணியில் இதைக் கதைக்க ஒரு ரீச்சரோ மூத்த வீராங்கனையோ கட்டாயம் இருக்கவேண்டும்.

தலையை மறைத்து ஆட 2014 முதல் விதி இடம் கொடுக்கிறது. துணி ஜேர்சியின் பிரதான நிறத்திலோ கறுப்பிலோ இருக்கவேண்டும், ஜேர்சியோடு தைத்திருக்கக்கூடாது, ஊசி குத்தக்கூடாது. கிண்ணியா, மூதூர்ப் பிள்ளைகளை உடுப்பைக் காரணம் காட்டி ஒருவரும் வெளியே நிறுத்தமுடியாது. கையையும் காலையும் மூட உள்ளாடை அணிவதற்கும் தடையில்லை.

ஆட்டத்தைத் தொழிலாக்க நினைப்பவர்களுக்கு

உண்மையை முதலில் சொல்லவேண்டும். பெண்கள் உதைபந்தாட்டத்தை மட்டும் நம்பி வாழக்கூடிய முழுநேரத் தொழில்முறை லீக் இலங்கையில் இல்லை. பாடசாலையிலிருந்து வலயம், மாகாணம், தேசிய மட்டம் என்று ஏறி, பிறகு கழகம். சம்பளத்தோடு ஆடும் இடங்கள் பெரும்பாலும் முப்படை, பொலிஸ் அணிகள். அதில் சேர்வது வீட்டார் கூடிப் பேசி எடுக்கவேண்டிய முடிவு. கடலூர்க்காரியான இந்திய நடுக்கள வீராங்கனை இந்துமதி கதிரேசன் தமிழ்நாடு பொலிசில் உதவி ஆய்வாளராக இருந்துகொண்டே தேசிய அணிக்கு ஆடியவர். ஆகவே சாதாரண தரத்தையும் உயர்தரத்தையும் கைவிடாதீர்கள். பரீட்சை வருடத்தில் கிழமைக்கு இரண்டு நாள், 40 நிமிடம், சுவரும் '11+'உம் போதும். பழகிய கால் மறக்காது.

வெளிநாட்டுக் கழகத்துக்கு மாறுவது, சில விதிவிலக்குகள் தவிர, 18 வயது நிரம்பிய பிறகுதான். பழைய நாட்டுச் சம்மேளனம் புதிய நாட்டுக்கு இடமாற்றச் சான்றிதழ் அனுப்பாமல் பதிவு நடக்காது. அந்தச் சான்றிதழுக்கு வீராங்கனையிடமோ பெற்றோரிடமோ ஒருவர் காசு கேட்டால் அது ஏமாற்று. முகவர் என்று வருபவருக்கு ஃபிஃபா உரிமம் இருக்கவேண்டும், பெயரை ஃபிஃபாவின் இணையப் பட்டியலில் தேடிப் பார்த்துவிட்டுக் கதையுங்கள்.

கழகங்களுக்கு அனுப்பும் வீடியோ நாலு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். கோல்களையும் தந்திர ஆட்டங்களையும் ஒட்டி அனுப்புவது முன்களத்தாருக்கு உதவலாம். நடுக்களத்தாளின் ஒவ்வொரு துண்டும் பந்து அவளிடம் வருவதற்கு மூன்று விநாடி முன்னால் தொடங்கவேண்டும். தெரிவு செய்பவர் பார்ப்பது அவள் தோளுக்குப் பின்னால் பார்த்தாளா என்பதைத்தான். திருகோணமலை மெக்கெய்சர் மைதானத்தில் ஆடும்போது உயரமான இடத்தில் நின்று, தொலைபேசியைக் கிடையாகப் பிடித்து, பந்தை மட்டும் துரத்தாமல் அவளைச் சுற்றி 20 மீற்றராவது தெரியும்படி எடுங்கள். முழு மட்ச் ஒன்றையும் வெட்டாமல் சேர்த்து அனுப்புங்கள்.

ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும். சம்பளம் எவ்வளவு, எந்த நாணயத்தில், மாதத்தின் எந்தத் திகதியில், காயம்பட்டால் சிகிச்சைச் செலவு யாருக்கு, தங்குமிடம், திரும்பி வரும் விமானச்சீட்டு, முடிவுத் திகதி. இதில் ஒன்று குறைந்தாலும் கையொப்பம் வைக்கவேண்டாம். ஃபிஃபா விதிப்படி 18 வயதுக்குக் கீழே மூன்று வருடத்துக்கு மேற்பட்ட ஒப்பந்தம் செல்லாது. இரண்டு மாதச் சம்பளம் வராமல் போனால், எழுத்தில் அறிவித்து 15 நாள் தவணை கொடுத்த பிறகு வீராங்கனை ஒப்பந்தத்தை முறிக்கலாம். 2021 ஜனவரி முதல் கர்ப்பமானவளைக் கழகம் விலக்கமுடியாது: 14 கிழமை விடுமுறை, அதில் 8 கிழமையாவது பிரசவத்துக்குப் பின், சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு. பிரேசிலின் ஃபோர்மிகா 1995 முதல் 2019 வரை ஏழு உலகக்கிண்ணம் ஆடிய நடுக்கள வீராங்கனை, கடைசியில் வயது 41. வேகம் குறைந்த பிறகும் நடுக்களத்தில் நிற்கமுடிவது முன்கூட்டிப் பார்க்கும் கண்ணால். ஆடும் காலத்திலேயே ஆசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பின் 'டி', 'சி' பயிற்றுநர் சான்றிதழ்களை எடுத்துவைத்தால், ஊருக்குத் திரும்பும்போது பாடசாலை அணியொன்றைக் கையில் எடுக்கலாம். விண்ணப்பத்துக்குத் தேவைப்படும் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, ஆடிய அணிகளின் கடிதங்கள் எல்லாவற்றையும் இப்போதே ஒரு கோப்பில், மழை படாத இடத்தில் வையுங்கள்.